கழுதையைப் படித்தேன்!

கானாடுகாத்தானில் ஷூட்டிங் என்றால் டீக்கடையில்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாட்டாமைக்கு முகப்பு, கல்யாணத்துக்கு வளவு, பேய்க்கு இரண்டாங்கட்டு என்று எங்கள் ஊர் வீடுகள் எல்லா வேஷமும் போட்டாயிற்று. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தியேட்டரிலும் பார்க்கக் கிடைக்காத ஒரு படத்தைப் புத்தகமாகப் படித்தேன்.

'அக்ரஹாரத்தில் கழுதை'. 1977-ல் ஜான் ஆபிரகாம் எடுத்தது. திரைக்கதை, விமர்சகர் வெங்கட் சாமிநாதன். புரொபசராக நடித்தவர் யார் தெரியுமோ? இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்! சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் கிடைத்தது. கிடைத்து என்ன? 1989-ல் காட்டுவதாக இருந்த தூர்தர்ஷனே கடைசியில் ரத்து செய்துவிட்டது. ஜான் 1987-லேயே போய்விட்டார். அந்தக் கண்றாவியைப் பார்க்கவில்லை.

கதை இதுதான். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று புரொபசர் வீட்டுக்குள் நுழைகிறது. காலேஜில் ஒரே கேலி. தன் கிராமத்து அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய், உமா என்ற ஊமைப் பெண்ணிடம் விடுகிறார். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதை தலையில். அடித்தே கொல்கிறார்கள். அப்புறம் ஏதோ நல்லது நடக்க, அதே கழுதைக்குக் கோயில் கட்டக் கிளம்புகிறார்கள்!

சிரித்துக்கொண்டேதான் படித்தேன், உமா வரும் வரை. நாவல் என்றால் அவள் மனசுக்குள் புகுந்து நாலு பக்கம் புலம்பியிருப்பார்கள். திரைக்கதையில் அந்த வசதி கிடையாது. அவள் என்ன செய்கிறாள் என்பதோடு சரி. மீதியை நடிக்கிறவர் முகம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் முகத்துக்கு எங்கே போவது? நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நான் போட்ட முகம், சின்ன வயசில் பக்கத்து வீட்டு இரண்டாங்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண்ணுடையது. அவள் ஊமையில்லை. ஆனால் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வீட்டு ஆச்சியிடம் கதையைச் சொன்னேன். கழுதைக்குக் கோயில் என்றதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உமாவுக்குக் குழந்தை செத்தே பிறந்ததையும், அதைக் கோயில் முன்னால் போட்டுவிட, அந்தப் பழியும் கழுதை மேலேயே விழுந்ததையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"புள்ளைக்கு அப்பன் யாருன்னு ஊர்ல ஒருத்தரும் கேக்கலையா தம்பி?"

"இல்லை ஆச்சி."

"கழுதையத்தான் கேட்டாகளாக்கும்" என்றார் ஆச்சி.