பெரியம்மா கையெழுத்து வைக்கவில்லை

2023 நவம்பரில் ஒரு புதன்கிழமை இரவு. பிள்ளைகளை நித்திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் பெரியம்மாவின் போன் வந்தது.

"பிள்ளை, வீட்டுக்காரத் தம்பி ஒரு கடுதாசி தந்திட்டுப் போறார். வெள்ளிக்கிழமை வருவாராம், கையெழுத்து வைச்சுக் குடுக்கட்டாம். என்னண்டு ஒருக்காப் பார்க்கிறியே?"

பத்து வயதிலிருந்து இதுதான் என் வேலை. நீங்களும் செய்திருப்பீர்கள். ஹைட்ரோ பில், வரிக் கடிதம், ஆஸ்பத்திரிப் படிவம் என்று எல்லாவற்றையும் வாசித்து, பாதி விளங்கி, மீதியை ஊகித்துத் தமிழில் சொன்ன பிள்ளைகள்தானே நாங்கள். படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். மங்கலாக வந்தது. மூலையில் 'என்-11' என்று இருந்தது மட்டும் தெரிந்தது.

பெரியம்மாவுக்கு 74 வயது. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் 19 வருஷமாக இருந்தார். வாடகை 1,150 டொலர். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி என்வலப்பில் காசாகக் கொடுப்பார். ரசீது இல்லை, எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. "எங்கட ஆக்கள்தானே" என்பதுதான் ஒப்பந்தம். வீட்டுக்காரர் கோயிலில் பழக்கமானவர். பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். மகனுக்குக் கலியாணம், அவர்கள் இருக்க மேல்வீடு வேண்டும் என்றார்.

அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 வீதம். மோர்கேஜ் கட்டுகிற எல்லாருக்கும் அந்த வருஷம் தெரியும். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒன்ராறியோவில் பழைய வீடுகளில் குடியிருப்பவருக்கு வாடகை கூட்ட வருடாந்த எல்லை உண்டு, 2023ல் 2.5 வீதம். அவர் எழும்பிவிட்டால் அடுத்து வருபவரிடம் எவ்வளவும் கேட்கலாம். 1998 முதல் சட்டம் அப்படித்தான். அதனால் 19 வருஷம் ஒழுங்காக இருந்த ஆள் போனால்தான் வீட்டுக்காரருக்கு லாபம்.

அடுத்த நாள் மத்தியானம் வேலையிடத்திலிருந்து நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். கவுன்சிலர் சொன்னால் வீட்டுக்காரர் அடங்குவார் என்று நினைத்தேன். ஊரில் விதானையாரிடம் போவது போல.

எடுத்த உதவியாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: ஹீட்டர் வேலை செய்யவில்லை, எலி, பூஞ்சணம், திருத்த வேலை என்றால் நகரசபை வரும், 311க்கு அடியுங்கள். வீட்டை விட்டு எழுப்புவது மாகாணச் சட்டம், அதில் கவுன்சிலருக்குக் கை இல்லை. எம்.பி.பி. அலுவலகத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாடகைத் தகராறை விசாரிக்கிற லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் போர்ட் ஒரு தீர்ப்பாயம், அதன் முடிவில் அரசியல்வாதி தலையிட முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வைக்கிறதுக்கு முதல் கவுன்சிலரின் உதவியாளர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அந்தப் பகுதியின் இலவச சட்ட உதவி மையத்தின் இலக்கம். மற்றது, "அவர் எதிலும் கையெழுத்து வைத்துவிட்டாரா?" என்ற கேள்வி. அந்தப் போனால் கிடைத்தது இவ்வளவும்தான். அது போதுமாக இருந்தது.

சட்ட மையத்தில் விளக்கினார்கள். என்-11 என்பது நோட்டீஸ் இல்லை. 'நானாக விருப்பப்பட்டுப் போகிறேன்' என்ற உடன்படிக்கை. அதில் கையெழுத்து வைத்தால், வீட்டுக்காரர் விசாரணை இல்லாமலே வெளியேற்றும் உத்தரவு கேட்கலாம். சொந்தக் குடும்பத்துக்கு வீடு வேண்டுமென்றால் அவர் கொடுக்க வேண்டியது என்-12. குறைந்தது 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை நட்டஈடு, வருகிறவர் ஒரு வருஷமாவது அங்கே இருக்கும் உண்மையான எண்ணம். அந்த நோட்டீஸ் வந்தாலும் அது உத்தரவு ஆகாது. போர்ட் உத்தரவு போட வேண்டும். அதற்குப் பிறகும் ஷெரிஃப்தான் வந்து எழுப்பலாம், வீட்டுக்காரர் பூட்டை மாற்ற முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் வீட்டுக்காரரோடு ஒரே குசினியோ குளியலறையோ பாவிப்பவர்களுக்குப் பொருந்தாது. பேஸ்மென்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். (2025 கடைசியில் சட்டமன்றத்தில் சில மாற்றங்கள் நிறைவேறின, நட்டஈடு பற்றியும். இன்றைய நிலையைக் கேட்டுவிட்டு நடவுங்கள்.)

சட்டம் விளங்கிவிட்டது. பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தினதுதான் பெரும்பாடு.

"அவர் போகச் சொன்னாப் பிறகு எப்பிடிப் பிள்ளை அங்க இருக்கிறது? கோட்டுக்குப் போறதோ? கோயிலில என்ன முகத்தோட அவையைப் பார்க்கிறது?"

இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். கடைசியில், "நீங்க சண்டை பிடிக்க வேண்டாம், கையெழுத்து மட்டும் வைக்காதேங்கோ" என்றேன். வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது பெரியம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "மகள் பார்த்திட்டுத்தான் வைக்கலாமெண்டு சொல்லிப்போட்டாள்" என்று பழியை என் தலையில் போட்டுவிட்டார். பரவாயில்லை.

இரண்டு கிழமையில் என்-12 வந்தது, ஜனவரி 31 வரை தவணை. நாங்கள் அசையவில்லை. வாடகையை மட்டும் காசுக்குப் பதிலாகக் காசோலையாகக் கொடுத்தோம், பதிவு இருக்கட்டும் என்று. அவர் போர்டுக்கு விண்ணப்பித்தார்.

இதற்கிடையில் என் வீட்டிலும் ஒரு பேச்சு வந்தது. எங்கள் பேஸ்மென்டில் நாலு வருஷமாக ஒரு குடும்பம் இருக்கிறது. "அவையை எழும்பச் சொல்லிப்போட்டுப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவமே" என்றார் கணவர். நானும் ஒரு இரவு முழுக்க அதை யோசித்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு சட்டத்தைப் பார்த்தேன். என்-12 கொடுக்கக்கூடிய உறவுகள்: சொந்தக்காரர், துணை, பிள்ளை, பெற்றோர், துணையின் பிள்ளை, பெற்றோர், இவர்களைப் பராமரிக்க வருகிறவர். பெரியம்மா இல்லை. தமிழில் அவரும் அம்மாதான், ஒன்ராறியோவில் இல்லை. கீழ்வீட்டுப் பிள்ளை ஸ்கூல் பையோடு போவதைக் காலையில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

விசாரணை 2024 செப்டம்பரில், ஸூமில். என் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினிக்கு முன்னால் பெரியம்மா நல்ல சேலை கட்டி இருந்தார். அன்றைக்கு வாடகைக்காரருக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ட்யூட்டி கவுன்சல் இருந்தார். ஒரு மாத நட்டஈட்டை ஜனவரி 31க்கு முன் கொடுக்கவில்லை என்பதை அவர்தான் பிடித்தார். கலியாணம் உண்மைதான், மகனும் சத்தியக் கடிதம் கொடுத்திருந்தார். ஆனால் அந்த ஒரு பிழையால் வீட்டுக்காரர் இறங்கி வந்து பேசினார். பனி முடியும்வரை, 2025 ஏப்ரல் கடைசிவரை இருக்கலாம், இரண்டு மாத வாடகை தருவார், சாமான் ஏற்றும் ட்ரக் காசும் அவரே. இதை எழுதி முடித்தார்கள். முடிந்ததும் திரையில் அவர், "அக்கா, கோவிக்காதேங்கோ" என்றார்.

நாங்கள் வென்றோம் என்று சொல்ல ஏலாது. அரசாங்க மானிய வீட்டுக்குப் பதிந்திருக்கிறோம், அது பத்து வருஷத்துக்கு மேல் போகும். இப்போது இருப்பது இரண்டு பஸ் தள்ளி ஓர் அடுக்குமாடியில் ஒற்றை அறை, வாடகை 1,550. மிச்சத்தை அண்ணாவும் நானும் பிரித்துக் கொடுக்கிறோம். ஆனால் முதல் வெள்ளிக்கிழமையில் கையெழுத்து வைத்திருந்தால் மாரி நடுவில் ஒரு சதமும் இல்லாமல் வெளியே நின்றிருப்பார். இப்போது பதினேழு மாதம் கிடைத்தது, வீடு தேட, சாமான் பிரித்துக் கொடுக்க, கறிவேப்பிலைச் சாடியை வைக்க யன்னல் உள்ள அறை பார்க்க.

போன மாதம் போனபோது அங்கே பக்கத்து அறை மாமி ஒரு கடுதாசியோடு இருந்தார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையைத் தேடினார்.

"பதினொண்டோ பன்ரண்டோ எண்டு முதல் பார்ப்பம். பேனையை அங்கால வையுங்கோ."