நீலகிரிச் சோலைக்கிளியும் சோலைகளின் அடிக்காடும்

நமது மலை ஜில்லாக்களில், ஓடைகளின் தலைப்பிலும் மலை மடிப்புகளிலும் ஒதுங்கி நிற்கும் சோலைகளில் மட்டுமே வாழும் ஒரு பாடும் பறவை நாளுக்கு நாள் இடம் குறுகி வருகின்றது. நீலகிரிச் சோலைக்கிளி என்பது அதன் பெயர். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தொகுத்து வரும் சிவப்புப் பட்டியலில், அழியும் அபாயத்திற்குட்பட்ட இனங்களின் வரிசையில் இது சேர்க்கப்பட்டிருக்கின்றது. ஒரு பறவையைக் குறித்து விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். காப்புக் காடுகளுக்கு வெளியே எஞ்சியுள்ள சிறு சோலைகளைப் பொறுத்தமட்டில், இதன் வாழ்வும் அழிவும் சோலையை அடுத்த பட்டாதாரரின் அரிவாளிலும் கிராம அலுவலரின் கவனத்திலும் அடங்கியிருப்பதே காரணமாகும்.

கிளி என்ற பெயரைக் கொண்டு பச்சைக் கிளியை நினைத்துவிடலாகாது. மலையாளத்தில் கிளி என்ற சொல் பொதுவாகப் பறவையையே குறிக்கும். இப்பெயரிலும் அச்சொல் அப்பொருளிலேயே நிற்கின்றது. சோலைக்கிளி ஏறக்குறைய ஆறு அங்குல நீளமுள்ள சிறு பறவை. முதுகும் மார்பும் கருநீலம், விலாப்புறம் செம்பழுப்பு, வயிற்றின் நடுப்பாகம் வெண்மை. கால்கள் உடலுக்குச் சற்று நீளமானவை, ஏனெனில் இது பெரும்பாலும் தரையிலேயே நடந்து திரிந்து, உதிர்ந்த இலைகளுக்கிடையில் அகப்படும் பூச்சி புழுக்களைத் தின்று வாழ்வது. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும். கண்ணுக்கு எளிதில் அகப்படாது. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் புதருக்குள்ளிருந்து எழும் நீண்ட சீழ்க்கை போன்ற பாட்டினாலேயே இதன் இருப்பிடம் தெரியவரும். ஏப்ரல் முதல் ஜூன் வரையில், மரப் பொந்திலோ ஓடைக்கரையின் மண் பொந்திலோ பாசியும் வேரும் கொண்டு கூடமைத்து, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடுகின்றது.

இவ்வினம் நீலகிரியிலும், அதற்கு வடக்கே வயநாடு, குடகு, பாபாபூதன் மலைகள் வரையிலும் காணப்படுகின்றது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையிலும் பழனி மலையிலும் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்னும் வேறோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்திய மலைப் பக்கத்தில் உள்ளது மூன்றாவது இனமென்று 2017-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் பெயரிட்டு, இம்மூன்றையும் தனியொரு பேரினமாக வகுத்தனர். அப்பேரினத்தின் லத்தீன் பெயரிலேயே நமது சோலை என்ற சொல் இடம் பெற்றிருப்பது கவனிக்கத் தக்கது. கணவாய்கள் இப்பறவைகளுக்குக் கடல் போன்றவை. குளிர்ந்த மேட்டு நிலத்தில், மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் வாழப் பழகிய பறவை, வெப்பமான சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குச் செல்வதில்லை. மலைக்குள்ளேயும் இப்போது அதே நிலைமை ஏற்பட்டு வருகின்றது. பழனி, ஆனைமலைப் பகுதிகளின் வெண்வயிற்றுச் சோலைக்கிளியைச் சோதித்து 2015-ல் வெளியான மரபியல் ஆராய்ச்சி, அண்மைக் காலத்தில் மனிதர்கள் காட்டைத் துண்டு துண்டாக்கியதன் விளைவு அப்பறவைகளின் பரம்பரையிலேயே பதிந்திருப்பதைக் கண்டது. இடையில் ஒரு தேயிலைச் சரிவு வந்துவிட்டால் அதைக் கடந்து மறு சோலைக்குப் போவது இச்சிறு பறவைக்கு அவ்வளவு அரிதாகின்றது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மரங்கள் நின்றால் சோலை நிற்கின்றது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். கணக்கிலும் அப்படியே எழுதப்படுகின்றது. சோலைக்கிளி ஒப்புக்கொள்வது வேறு கணக்கு. அதற்கு வேண்டியது மேலே நிற்கும் நாவலும் காட்டுச் செண்பகமும் மட்டுமல்ல. அவற்றின் கீழே முழங்காலளவிலும் மார்பளவிலும் நெருங்கி வளரும் குறிஞ்சி இனச் செடிகள், பெரணிகள், விழுந்து மக்கும் கட்டைகள், ஈரம் மாறாத சருகு மெத்தை ஆகிய அடிக்காடு முழுவதும் அதற்கு வேண்டும். விறகுக்காகப் புதரை அரித்தெடுத்து, ஆடு மாடுகளை உள்ளே விட்டு, எருவுக்காகச் சருகைக் கூட்டியெடுத்துவிட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவர்க்குச் சோலை பசுமையாகவே தோன்றும். பறவையோ உணவும் மறைவும் இன்றி நீங்கிவிடும். அவ்வாறு துடைக்கப்பட்ட சோலையில் மரக்கன்றும் எழுவதில்லை. மூத்த மரங்கள் சாயும்போது அவற்றின் இடத்தை நிரப்ப வாரிசு இராது. இம்மரங்களின் கன்றுகள் திறந்த புல்வெளியில் உறைபனிக்குத் தாங்குபவையல்ல; ஆதலால் ஒருமுறை வெட்டவெளியான இடத்தில் சோலை தானாக மீள்வது மிகவும் மெதுவாகவே நடக்கும்.

இப்பறவை தேயிலையிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள பூச்சிகளைத் தின்று குடியானவருக்குக் கூலியின்றி வேலை செய்யும் என்று எழுத நமக்கும் ஆசைதான். அது உண்மையன்று, சோலையை விட்டு அது வயலுக்கு வருவதேயில்லை. ஆனால் அதற்கு உணவளிக்கும் அதே சருகு மெத்தைதான் மழை நீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்கி, கோடையிலும் ஓடையைக் கசிந்துகொண்டிருக்கச் செய்கின்றது. கிழங்குத் தோட்டத்துக்கும் காரட் பாத்திக்கும் மாசி, பங்குனியில் நீர் இறைக்கும் குடியானவர் அந்த ஓடையை நம்பியே இருக்கின்றார். பவானியும் பைக்காராவும் இவ்வகை ஓடைகள் சேர்ந்து உண்டானவையே.

சோலைகள் குறைந்த வரலாறு நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பியும் தேயிலையும் மலைச் சரிவுகளைப் பிடித்தன. அதே நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின் அவை புல்வெளிகளில் பெருவாரியாகப் பயிரிடப்பட்டன. வருவாய்க் கணக்குகளில் புல்வெளி தரிசு எனப் பதிவாகியிருந்ததும் இதற்கு வழி செய்தது. பழனி மலையில் 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறிவிட்டதாக 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி தெரிவிக்கின்றது. புல்வெளியில் காலூன்றிய சீகை, சோலையின் ஓரத்தை நெருக்கி நிற்கின்றது.

மலைப் பகுதிகளில் குழுவின் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது என்று 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. தனியார் காடுகளுக்கு 1949-ம் ஆண்டின் சட்டம் உண்டு. இவ்விரண்டையும் கிராம அலுவலர்கள் நன்கு அறிவர். அவர்கள் தணிக்கைக்குச் செல்லும்போது மரங்களை எண்ணுவதோடு நில்லாமல், சோலைக்குள் பத்தடி நுழைந்து தரையையும் பார்ப்பது நலம். புதிதாக வெட்டிய புதர்த் தூர்களும், சருகு நீங்கி வெளிப்பட்ட மண்ணும், மாட்டுத் தடங்களும் கண்ணுக்குத் தப்பா.

பட்டாதாரர் செய்யக்கூடியது பெருஞ்செலவு பிடிப்பதன்று. சோலையின் ஓரத்தில் நிற்கும் புதரை வேலி போல் விட்டுவைத்தல் வேண்டும். காற்றும் வெயிலும் உள்ளே புகுந்து ஈரத்தை உலர்த்தாமல் காப்பது அதுவே. ஓடைக்கரையில் இருபுறமும் பயிரிடாமல் விடும் கீற்று, இரு சோலைகளுக்கிடையில் பறவை மறைவாகச் சென்று வரும் பாதையாகவும் உதவும். அடுப்புக்கு விறகு வேண்டுமென்றால், பட்டா நிலத்தில் முளைத்துள்ள சீகையை முறைப்படி அனுமதி பெற்று வெட்டிக்கொள்ளலாம். மலையில் அதற்குப் பஞ்சமில்லை.

சீகையை ஒழிப்பதிலும் நிதானம் தேவை. அந்நியத் தாவரங்களை அகற்றிப் பழைய காட்டை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டது. அதற்குப் பின் பலருக்கு ஆர்வம் மிகுந்துள்ளது. ஆயினும் பழனி மலையில் கண்டிருப்பது போல, முதிர்ந்த அந்நிய மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழுந்து நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தால் கன்றுகள் நசுங்குவதோடு, பல ஆண்டுகளாக மண்ணில் உறங்கும் சீகை விதைகள் வெளிச்சம் பட்டு ஒருங்கே முளைத்துவிடும். தீ வைத்தால் இன்னும் அதிகமாக முளைக்கும். ஆகவே அத்தகைய இடங்களில் மரங்களைச் சிறிது சிறிதாக நீக்கி, மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது நாற்றுக்களைக் கையால் வேரோடு பிடுங்கி, மறு ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் திரும்ப வந்து பிடுங்குதல் வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையில், அதாவது கூடு கட்டும் மாதங்களில், சோலையை ஒட்டிய வெட்டு வேலையை நிறுத்தி வைப்பது உசிதம்.