வற்றாப்பளை: உப்புநீரில் எரியும் விளக்கு

நீங்கள் நிற்பது கண்ணகி அம்மன் கோயில் வளவு. பக்கத்தில் கிடக்கும் நீர்ப்பரப்பு நந்திக்கடல். மதுரையை எரித்தபின் ஈழம் வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர்வழக்கு. கிழவியாக வந்தவள், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்ற மாட்டுக்காரச் சிறுவர்களிடம் கடல்நீரை ஊற்றச் சொன்னாளாம்.

அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் ஊர்கள் திரளுகின்றன. பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு பொங்கல் வேலை தொடங்கும். வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அந்த உப்புநீரில் திரி ஏழு நாள் எரியும் என்பது நம்பிக்கை. எப்படி எரிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டபடியே அடுப்பில் பானை வைப்பவர்களும் அவர்கள்தான். ஞாயிறு அங்கே பொங்கல், திங்கள் இங்கே. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் இந்தப் பொங்கலைப் பார்த்துவிட்டே தெற்கே போவார்கள். சிங்களவரும் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்தது இந்த நந்திக்கடல் ஓரத்தில்தான். இடம்பெயர்ந்த சனம் திரும்பிவந்து, பானையை மறுபடி இந்த மணலிலேயே ஏற்றியது.