ஒன்று நுழையும், நூறு வெளிவரும்!

1919-ம் ஆண்டு. பாரீஸ் நகரம். அங்குள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் படுத்திருந்தான். அவனுக்குக் கடுமையான சீதபேதி. அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து கிடையாது.

பெலிக்ஸ் டெரெல் என்ற விஞ்ஞானி அவனுக்கு ஒரு புதிய மருந்து கொண்டு வந்தார். அந்த மருந்தில் இருந்தது என்ன தெரியுமா? வைரஸ்!

"வைரசா? அது நோயைத் தருவது அல்லவா?" என்று கேட்பீர்கள். இது வேறு வகை. மனிதனை ஒன்றும் செய்யாது. நோய் தரும் பாக்டீரியாவைத்தான் பிடிக்கும், கொல்லும்.

சிறுவனுக்குக் கொடுப்பதற்கு முன்பு டெரெல் அதைத் தாமே குடித்தார். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் குடித்தார். பயிற்சி டாக்டர்கள் சிலரும் குடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சிறுவனுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். பேதி நின்றது. சில நாட்களில் அவன் பூரண குணம் அடைந்தான்.

ஒரு வேளை மருந்து எப்படிப் போதும்? மற்ற மருந்துகள் உடம்புக்குள் போனால் குறையும். இது பெருகும்!

வாய் இல்லாத தின்னி

இந்த வைரசுக்கு 1917-ம் ஆண்டில் டெரெல் வைத்த பெயர், பாக்டீரியோபேஜ். "பாக்டீரியாவைத் தின்பது" என்று பொருள். சுருக்கமாகப் பேஜ் என்பார்கள். உண்மையில் அது எதையும் தின்பதில்லை. அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை.

பேஜ்களில் பல வகை உண்டு. அவற்றில் டி-4 என்பது மிகவும் பெயர் பெற்றது. நம் குடலில் வாழும் ஈ-கோலை என்ற பாக்டீரியாதான் அதற்கு இரை.

பட்டை தீட்டிய கல்லைப்போல அதற்கு ஒரு தலை. தலைக்குக் கீழே குழாய் போன்ற வால். வாலின் அடியில் மெல்லிய கால்கள் ஆறு. 5,000 பேஜ்களை வரிசையாக நிறுத்தினாலும் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான் வரும்!

தலைக்குள் ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. தலையின் நீளத்தைப்போல் சுமார் 500 மடங்கு நீளமான நூல் அது. பேஜ் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் அந்த நூலில் இருக்கின்றன.

பேஜுக்கு நீந்தத் தெரியாது. மிதந்து வரும்போது தற்செயலாகப் பாக்டீரியாமீது மோதும். கால்கள் பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும். பொருந்தாவிட்டால் விலகிவிடும். அதனால்தான் சீதபேதிக் கிருமியைக் கொல்லும் பேஜ், காலராக் கிருமியைத் தொடுவதில்லை.

ஒட்டிக்கொண்டதும் வால் சுருங்கும். உள்ளே இருக்கும் குழாய் ஊசிபோலப் பாக்டீரியாவின் சுவரைத் துளைக்கும். நூல் உள்ளே போய்விடும். தலை, வால், கால் எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும்.

வந்தவனைக் காணோம்!

இனிதான் வேடிக்கை. 10 நிமிடம் கழித்து அந்தப் பாக்டீரியாவை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பேஜ்கூட இருக்காது. புதிதாகவும் எதுவும் பிறந்திருக்காது.

ஆனால் உள்ளே வீடு கைமாறிவிட்டது! பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளைக் கொண்டே பேஜின் நூல்கள் தயாராகின்றன. உழைப்பது பாக்டீரியா, உத்தரவு போடுவது பேஜ்.

தலைகள் தனியே உருவாகும். வால்கள் தனியே உருவாகும். கால்கள் தனியே உருவாகும். ஒவ்வொரு தலைக்குள்ளும் நூல் திணிக்கப்படும். பிறகு வால் சேரும். கடைசியில் கால்கள் சேரும். தாய் குட்டி போடுவது போன்றது அல்ல இது. தொழிற்சாலையில் சைக்கிள் பூட்டுவது போன்றது!

சுமார் அரை மணி நேரத்தில் பாக்டீரியாவின் சுவர் கரைந்து உடையும். நூறு, சில சமயம் இருநூறு பேஜ்கள் வெளியே வரும்.

ஒன்றுக்கு நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை 10 ஆயிரம். மூன்றாம் தடவை 10 லட்சம். இரை கிடைத்துக்கொண்டே இருந்தால் இரண்டு மணி நேரத்தில் 10 கோடி!

மிக்சி சொன்ன சாட்சி

நூல் மட்டும் உள்ளே போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்காவில் ஆல்பிரட் ஹெர்ஷி என்பவரும், மார்த்தா சேஸ் என்ற பெண்மணியும் 1952-ம் ஆண்டில் அதை நிரூபித்தார்கள்.

பேஜின் உறைக்குக் கதிர்வீச்சுள்ள கந்தகத்தால் அடையாளம் வைத்தார்கள். நூலுக்குக் கதிர்வீச்சுள்ள பாஸ்பரசால் அடையாளம் வைத்தார்கள். பாக்டீரியாமீது பேஜ்கள் ஒட்டியதும், எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்தார்கள். ஆம், சமையலறையில் இருக்கும் அதே மிக்சிதான்!

உறைகள் கழன்று விழுந்தன. நூல் பாக்டீரியாவுக்குள்ளேயே இருந்தது. உறை போன பிறகும் புதிய பேஜ்கள் பிறந்தன. பரம்பரைக் குணத்தைச் சுமப்பது டி.என்.ஏ.தான் என்பதற்கு இது பெரிய சாட்சி ஆயிற்று.

1969-ம் ஆண்டில் ஹெர்ஷி உள்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மார்த்தா சேஸ் பெயர் அதில் இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

தூங்கும் பேஜ்

எல்லாப் பேஜும் உடனே கொல்வதில்லை. சில பேஜ்களின் நூல், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு சேர்ந்து தூங்கிவிடும். பாக்டீரியா இரண்டாகப் பிரிந்தால் நூலும் இரண்டாகும். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தூங்கும். புற ஊதாக் கதிர் பட்டால் விழித்துக்கொள்ளும். வீட்டை உடைத்துக்கொண்டு கிளம்பும். பாரீசில் ஆந்திரே லுவோப் என்ற விஞ்ஞானி 1950-ம் ஆண்டில் இதைக் காட்டினார்.

தூங்கும் பேஜ் ஆபத்தானதாகவும் இருக்கலாம். டிப்தீரியாக் கிருமிக்கு விஷம் தருவது அதற்குள் குடியிருக்கும் பேஜ்தான் என்று 1951-ம் ஆண்டில் தெரிந்தது. காலரா விஷமும் அப்படித்தான் என்று 1996-ம் ஆண்டில் தெரிந்தது. ஆகவே, மருந்துக்குப் பேஜ் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது, அது உடைக்கிற ஜாதியா, தூங்குகிற ஜாதியா என்பதைத்தான்.

2016-ம் ஆண்டில் அமெரிக்காவில் சான்டியாகோ நகரில் ஒரு பேராசிரியர் நினைவு இழந்து கிடந்தார். எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியா அவர் உடம்பில் பரவி இருந்தது. அவருடைய மனைவியும் ஒரு விஞ்ஞானி. பேஜ்கள் வேண்டும் என்று அவர் பல ஆராய்ச்சிக்கூடங்களுக்கு எழுதினார். வந்த பேஜ்களை டாக்டர்கள் கணவரின் உடம்பில் செலுத்தினார்கள். சில நாட்களில் அவர் கண் விழித்தார்.

பாக்டீரியாவும் சும்மா இருக்கவில்லை. முதலில் கொடுத்த பேஜ்களை எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்டது. விஞ்ஞானிகள் சாக்கடை நீரில் தேடி, வேறு ஒரு பேஜை எடுத்து வந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் பேராசிரியர் வீடு திரும்பினார்.