மெத்ரே சிறுவர் பள்ளியில் உறவுமுறைகள்

இளங்குற்றவாளிகளை முதிர்ந்த குற்றவாளிகளோடு ஒரே சிறையில் அடைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சு நாட்டில் இருந்தது. அதனைக் கண்டு மனம் நொந்த டெமெட்ஸ் என்னும் நீதிபதி, தூர் நகருக்கு அருகில் மெத்ரே என்னும் சிற்றூரில் சீர்திருத்தப் பள்ளியொன்றை நிறுவினார். 1840 சனவரியில் முதற் சிறுவர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். அதற்குச் சுற்றுமதில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அங்கு வந்தவருள் மிகப் பலர், குற்றத்தின் தன்மை அறியாது செய்தவர் என நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டும், பெற்றோரிடம் ஒப்படைக்கப்படாத சிறுவர்கள். வீட்டை இழந்த அவர்களுக்கு வீட்டின் சொற்களையே டெமெட்ஸ் வழங்கினார். ஏறத்தாழ 40 பேர் தங்கும் ஒவ்வோர் இல்லமும் ‘குடும்பம்’ எனப்பட்டது. அதனை மேற்பார்த்து அங்கேயே உறங்கியவர் ‘குடும்பத் தலைவர்’. அவருக்குத் துணையாகச் சிறுவருள் இருவர் ‘தமையன்மார்’ ஆயினர்.

இத்தமையன் பதவியே நம் சிந்தனைக்கு உரியது. அவனைத் தேர்ந்தெடுப்போர் உடன்வாழும் சிறுவர்களே. அவனிடம் மேலோர் எதிர்பார்ப்பதோ ஒழுங்கு. தோழன் செய்த பிழையை மறைத்தால் பதவிக்கு இழுக்கு. வெளிப்படுத்தினால் தோழமைக்கு இழுக்கு. பிறப்பால் வரும் தமையனுக்கு இத்தகைய நெருக்கடி இல்லை அன்றோ?

எனினும் அவ்வுறவு முழுவதும் வெறும் பெயரே என ஒதுக்குதற்கில்லை. விடுதலையாகி அண்டை ஊர்களில் வேலைக்கமர்ந்தோர், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்குத் திரும்பிவந்து பழைய குடும்பத்தோடு உணவருந்த இடமளிக்கப்பட்டது. போக்கிடம் அற்ற இளைஞனுக்கு அது சிறிய செய்தியன்று.

1873இல் டெமெட்ஸ் மறைந்தார். பிற்காலத்தில் கடுமை மேலோங்கியது. பெயர்கள் மட்டும் மாறவில்லை. 1926 முதல் 1929 வரை அங்கு அடைபட்டிருந்த ழான் ஜெனே, பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். 1946இல் வெளிவந்த ‘ரோஜாவின் அற்புதம்’ என்னும் அவருடைய புதினத்தில் அவ்வாழ்க்கை விரிவாக இடம்பெறுகின்றது. வலியோர் எளியோரை ஆளும் வரிசைமுறையையும், மேலோர் அறியாமல் சிறுவர் தமக்குள் வளர்த்துக்கொண்ட பிணைப்புகளையும் ஆங்கே காண்கிறோம். மிகுந்த கொடுமைக்கு ஆளான அவர் அவ்விடத்தை ஏக்கத்தோடும் நினைவுகூர்வது நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. வேறு குடும்பம் அறியாதவர்க்கு அதுவே குடும்பம் போலும்!

மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட தமது நூலில் மெத்ரேயைக் கண்காணிப்பின் முழுமையான வடிவமாகக் காட்டினார். அஃது உண்மையே, ஆயினும் உணவு மேசையில் அருகருகே அமர்ந்த சிறுவர்களின் உறவு அவ்விளக்கத்துள் முற்றும் அடங்குவதாக நமக்குத் தோன்றவில்லை.

1930களில் சிறுவர் சிறைகளின் கொடுமைகளைப் பாரீசு நாளிதழ்களில் அலெக்சி தனான் என்னும் இதழாளர் தொடர்ந்து எழுதினார். மக்களிடையே எதிர்ப்பு வளர்ந்தது. 1937இல் மெத்ரே மூடப்பட்டது.