100 டாலர் ரெக்கார்டு... காதுகள் கண்டுபிடிக்காத ரகசியம்!

ஒரே ஆல்பம், அதே பாடல்கள். ஆனால், அலமாரியில் ஐந்து ரெக்கார்டுகள் இருக்கும். 'எதுக்குங்க அஞ்சு?' என்று கேட்டால், 'ஒவ்வொண்ணும் வேற பிரஸ்ஸிங்!' என்பார்கள். 'ஆடியோஃபைல்' எனப்படும் ஒலிப் பிரியர்கள் இப்படித்தான்.

அப்படி என்ன வித்தியாசம்? ஒலிநாடாவில் உள்ள பாட்டை, லாக்கர் பூசிய தகட்டில் ஓர் இன்ஜினீயர் மெல்லிய பள்ளமாக வெட்டுவார். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து வினைல் தட்டுகளை அழுத்துவார்கள். வெட்டியவர் யார், நாடா அசலா நகலா, அச்சு புதுசா தேய்ந்ததா... எல்லாமே ஒலியை மாற்றும்.

1969-ல் வந்த 'லெட் ஸெப்பலின் 2' ஆல்பத்தை பாப் லுட்விக் என்ற இன்ஜினீயர் அதிரடியாக வெட்டினார். ரெக்கார்டு கம்பெனித் தலைவருடைய மகளின் மலிவான பிளேயரில் ஊசி துள்ளிவிட்டதாம். உடனே அடக்கமாக மறுபடி வெட்டச் சொல்லிவிட்டார்கள். கதையைச் சொன்னவர் லுட்விக்கே. லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் 'ஆர்.எல்' என்று கீறியிருக்கும் அந்த முதல் பதிப்புக்கு இன்று பல நூறு டாலர் கொடுக்கிறார்கள். வீட்டில் தாத்தா காலத்து எல்.பி இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதே இடத்தில் எண்களும் எழுத்துகளும் தெரியும்.

இந்த ரசிகர்கள் பெரிதும் நம்பிய பெயர், அமெரிக்காவின் 'மொபைல் ஃபிடெலிட்டி'. அட்டையின் மேலேயே 'ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்' என்ற பட்டை. 2016-ல் 'ஒன் ஸ்டெப்' என்ற விலை உயர்ந்த வரிசையையும் ஆரம்பித்தது. இடையில் உள்ள அச்சு நிலைகளைக் குறைத்து, லாக்கரிலிருந்து எடுத்த முதல் அச்சிலேயே தட்டு அழுத்துவது. இப்படிச் செய்தால் ஒரு லாக்கருக்குக் கொஞ்சம் தட்டுகள்தான் கிடைக்கும்.

அங்கேதான் கணக்கு இடித்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதிகள், ஒன்று 100 டாலர் என்று அறிவித்தார்கள். அத்தனைக்கும் எத்தனை லாக்கர் வெட்ட வேண்டும்? ஒவ்வொரு முறையும் பொக்கிஷம் போன்ற அசல் நாடாவை ஓடவிட யார் சம்மதிப்பார்கள்? 2022 ஜூலையில், அரிசோனாவில் ரெக்கார்டு கடை வைத்திருக்கும் ஒருவர், 'இவர்கள் டிஜிட்டல் கோப்பிலிருந்துதான் வெட்டுகிறார்கள்' என்று வீடியோ போட்டார். கம்பெனி அவரைக் கலிஃபோர்னியாவுக்கே அழைத்தது. கேமரா முன்னால் இன்ஜினீயர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2011 முதலே பல ஆல்பங்களில் அப்படித்தானாம்!

'டிஜிட்டல் வாடையே ஆகாது' என்றவர்கள், ஏறக்குறைய பத்து வருடங்களாக இதே தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று கொண்டாடியிருக்கிறார்கள். கேலி செய்யத் தோன்றும்தான். ஆனால், தட்டு நன்றாக ஒலித்தது என்பது வேறு, சொல்லாமல் விற்றது என்பது வேறு. அசல் நாடாவிலிருந்து நேராக வருகிறது என்ற நம்பிக்கைக்குத்தானே அந்த விலையைக் கொடுத்தார்கள்?

வழக்கு நடந்தது. 2.5 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. இப்போது ஒவ்வொரு ஆல்பமும் எந்த மூலத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது.

வாங்கியவர்களுக்கு ஒரு வாய்ப்பும் தரப்பட்டது. தட்டைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், சிறு தொகை மட்டும் திரும்பக் கிடைக்கும்.