நாய் மருத்துவரின் முதற் கேள்வி

திருவனந்தபுரத்து வீடொன்றின் நாய், தாடை தொங்க, எச்சில் வடிய, உணவு விழுங்க இயலாது மருத்துவரிடம் கொண்டுவரப்படுவதாகக் கொள்வோம். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வீட்டார் கருதுவர். தேர்ந்த கால்நடை மருத்துவரோ வெறுங்கையை அதன் வாயில் இடார். வேறு நாய் கடித்ததா, தடுப்பூசி எப்பொழுது போடப்பெற்றது என்றே முதலில் வினவுவார். ஏனெனில், வெறிநோயின் ஊமை வகையும் இவ்வாறே தோன்றும். அதில் நாய் சீறாது, ஒடுங்கிக் கிடக்கும். நீரைக் கண்டு அஞ்சுவதோ மனிதர்க்குரிய குறி; நாய் நீரருந்த முயலவே செய்யும். இதனால் ஏமாந்தோர் பலர்.

குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் வைரஸ் கலந்துவிடுகிறது. நாய் இறப்பின், அதன் மூளைத் திசுவைப் பாலோட்டிலுள்ள அரசுக் கால்நடை நோய் ஆய்வு நிலையத்தில் சோதித்து நோயை உறுதிசெய்யலாம். வீட்டாருள் எவர் புண்ணிலேனும் அவ்வெச்சில் பட்டிருப்பின், மருத்துவர் அம்முடிவுக்குக் காத்திரார். சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் செய்து, அன்றே தடுப்பூசிக்கு அனுப்புவார்.